பதினோரு ஆண்டுகள் பேசாத ஆங்கிலம்

பதினோரு ஆண்டுகளில் அந்த வகுப்பறைக்குள் ஒரு குழந்தையும் தமிழக்காவின் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல்லைக் கேட்டதில்லை. தெரியாமல் அல்ல, அது உத்தரவு. இருமொழி மாண்டிசோரிப் பள்ளி அது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் அறையில் இரண்டு ஆசிரியைகள். ஒருவர் ஆங்கிலம் மட்டும் பேசுவார்; மற்றவர், பிள்ளைகள் தமிழக்கா என்று அழைப்பவர், தமிழ் மட்டும். "பிள்ளைகள் காதுபட எந்த நிலையிலும் ஆங்கிலம் பேசக் கூடாது" என்று பள்ளியைத் தொடங்கிய அம்மையார் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம், தமிழக்காவின் நீலக் கோப்பில் முதல் தாளாக இருந்தது.

ஆகவே பிள்ளைகள் அவர்மீது இரக்கப்பட்டார்கள்.

"அக்கா, இது பேரு டேபிள். சொல்லுங்க, டே-பிள். பயப்படாதீங்க, ஈஸிதான்" என்று முன்பல் விழுந்த ஒருவன் வாரம் தவறாமல் பாடம் நடத்தினான்.

"அப்பாடி, என் வாய்ல நுழையலையேப்பா!"

வீட்டிலோ அவர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பயிற்சிப் புத்தகங்கள் ஆறையும் ஆங்கிலத்திலேயே படித்து முடித்தவர். பொருள் எழுதிய நோட்டுகள் மட்டும் பதினான்கு. ஒன்றையும் தூக்கி எறிந்ததில்லை.

அம்மையார் ஓய்வுபெற்றார். புதிய முதல்வர் வந்ததும், சிறுவர் அறைக்குத் தமிழ் வாரம் இரண்டு மணி நேரம் போதும் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பிரிவு தொடங்கும்; அதற்கொரு தமிழாசிரியர் தேவை. அந்த இடம் கிடைத்தால் தமிழக்காவுக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் பருவ முடிவோடு வெளியே. நாற்பத்தேழு வயதில், பட்டயச் சான்றிதழ் இல்லாத ஒருவரை வேறெந்தப் பள்ளியும் சீந்தாது. இடுப்பு வலியால் கணவர் லாரி ஓட்டுவதை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

விண்ணப்பத்துக்கு வந்த பதில் இரண்டே வரி: "ஆங்கிலத்தில் உரையாட இயலாதவர். தகுதியில்லை." ஆதாரமாக இருபத்திரண்டு அரையாண்டு அறிக்கைகள் காட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் "ஆங்கிலம் பேசவில்லை" என்று இருந்தது. அம்மையார் அதைப் பாராட்டாக எழுதியிருந்தார்.

கோப்பை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனார். பத்து நிமிடம் ஆங்கிலத்திலேயே தன் நியாயத்தை எடுத்துச் சொன்னார்.

"நல்லாத்தான் பேசுறீங்க" என்றார் முதல்வர். "ஆனா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கலாமில்ல? பிள்ளைங்ககிட்ட பேசுறதைப் பார்க்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்."

"மேடம், அவங்க முன்னாடி பேசக் கூடாதுன்னு கடிதமே இருக்கு."

"அது பழைய கதைங்க. நான் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பணும்."

"அப்படின்னா அதை ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க மேடம்."

"ஒரு நாள் கூத்துக்கு எழுத்து வேறயா? என்மேல நம்பிக்கை இல்லையா?"

தமிழக்கா நாணிப்போனார். ஓர் உத்தரவைத் தாளில்லாமல் வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்தது அன்று ஒருநாள்தான்.

"பேசிட்டு வா. ரூல் வந்து சோறு போடாது" என்றார் கணவர்.

"குருவி இருக்காளே."

"எந்தக் குருவி?"

"வீட்ல இங்கிலீஷ் மட்டுமே பேசுற சின்னப் பொண்ணு. ஆறு மாசம் எங்கிட்ட வாயே திறக்கலை. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நம்பித்தான், இப்போ மூணு வாரமா தமிழ்ல பேசுறா. தெரிஞ்சிடுச்சுன்னா எதுக்குப் பேசப்போறா?"

"அவ பேசணும்னு நாம பட்டினி கிடக்கிறதா?"

கணவர் சொன்னதிலும் தப்பில்லை.

மறுநாள் பத்து மணிக்கு முதல்வர் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். குருவி நீர் ஊற்றும் பயிற்சித் தட்டை அலமாரியிலிருந்து தூக்கிக்கொண்டு தமிழக்காவிடம்தான் வந்தாள். "அக்கா, கனமா இருக்கு" என்றாள். முதல்வர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தமிழக்கா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தட்டை எப்படிப் பிடிப்பது, குடுவையை எங்கே சாய்ப்பது, கடைசிச் சொட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முழுப் பயிற்சியையும் ஆங்கிலத்தில் நடத்தினார்.

முன்பல் விழுந்தவன் பாயிலிருந்து எழுந்து வந்தான். "அக்கா, உங்களுக்குத் தெரியுமா? அப்போ டேபிள்?"

குருவி தமிழக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, பூட்டு திறந்தாற்போல், ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. "ஆங்கிலம்: போதுமானது. எனினும், பிள்ளைகள் முன் ஆங்கிலம் பேசக் கூடாது என்ற எழுத்துப்பூர்வ உத்தரவை மீறியுள்ளார். பரிந்துரைக்கப்படவில்லை."

"நீங்கதானே மேடம் பேசச் சொன்னீங்க?"

"நான் தனியா முடிவெடுக்கலைங்க, தேர்வுக் குழு எடுத்தது. குழு காகிதத்தைத்தான் பார்க்கும்."

"அப்போ நீங்க சொன்னதைக் காகிதத்துல எழுதிக் கொடுங்க மேடம். காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"என்னை நானே மாட்டிவிட்டுக்கச் சொல்றீங்களா?"

தமிழக்கா அந்த முடிவையும் நகலெடுத்துக் கோப்பில் வைத்தார். தொண்ணூற்று மூன்றாம் தாள். மேல்முறையீட்டுக்கு எதை இணைப்பது என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். எந்தத் தாளும் அவர் பக்கம் பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் நேரம். வாசலில் குருவி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, செருப்பு வாரைப் போட்டுவிடும்படி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்னம்மா வேணும்? தமிழ்ல சொல்லு."

உங்களுக்குத்தான் தெரியுமே என்றாள் குழந்தை, ஆங்கிலத்தில்.

பருவம் முடிய இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. தமிழக்கா தரையில் மண்டியிட்டு, தமிழில் மறுபடியும் கேட்டார். குருவி சிரித்தாள். தமிழில் வாய் திறக்கவில்லை.