எதிர்க் கவுண்டர் சம்பந்தி

கடைக்குட்டி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய அம்மா, "ஏர்போர்ட்ல பொட்டிக்கு வால் கட்டுறா" என்பாள்.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். கறுப்பு அங்கியோடு எடுத்த படம் டி.வி.க்கு மேலே தொங்குகிறது. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அந்தப் படம் தன்னை ஒரு மாதிரிப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும். பாஸ்போர்ட்டை வாங்கு, பெட்டியை எடை போடு, கைப்பிடியில் டேக்கை ஒட்டு, பெல்ட்டில் தள்ளு. இதற்கா விழுந்து விழுந்து படித்தோம்? பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் அவள் நினைப்பே வராது. தொலைந்தால் மட்டும் வரும்.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். "நான் டிக்கெட் கிழிச்சேன், நீ டேக் ஒட்டுற. குடும்பத் தொழில்டி" என்று சிரிப்பாள்.

கடைக்குட்டியின் கவுண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு விமான நிறுவனம், பச்சைக்காரர்கள், சீருடை பச்சை. இரண்டு நிறுவனமும் ஒரே கூட்டணி. இவர்கள் விமானத்தில் கிளம்பி, நடுவில் ஓர் ஊரில் இறங்கி, அவர்கள் விமானத்துக்கு மாறுகிறவர் பெட்டியைத் தொடவே வேண்டாம். அது தானே மாறிப் போய்ச் சேரும்.

எதிரே நீலக்காரர்கள். போட்டிக் கம்பெனி. அவர்களுடைய சூப்பர்வைசருக்கு இவர்கள் வைத்த பெயர் விறைப்பு. சிரிப்பைக்கூட இஸ்திரி போட்டுத்தான் வெளியே எடுப்பார். வரிசைக் கயிறு மாட்டும் கம்பம் ஒன்று யாருடையது என்று அவருக்கும் கடைக்குட்டிக்கும் பயணிகள் முன்னாலேயே ஒரு நாள் பெரிய வாக்குவாதம். கம்பம் இவள் பக்கம் வந்துவிட்டது. அது உண்மையில் யாருடையது என்று இவளுக்கே நிச்சயமில்லை.

அப்புறம் மேலே யாரோ கையெழுத்துப் போட்டார்கள். கடைக்குட்டியின் நிறுவனம் பச்சைக் கூட்டணியிலிருந்து விலகி, நீலக் கூட்டணியில் சேர்ந்தாயிற்று. நேற்றுவரை முறைத்தவர்கள் விடிந்தால் சம்பந்தி.

அது அமலுக்கு வந்த நாளில்தான் அம்மாவின் பயணமும் அமைந்தது. வெளிநாட்டில் இருக்கும் பெரியவளுக்கு இது பிரசவ நேரம். ஊழியர் சலுகையில் கடைக்குட்டி எடுத்துக் கொடுத்த டிக்கெட்: பாதி வழி தன் நிறுவனம், மீதி பச்சை. அம்மாவுக்கு முதல் விமானம், அதுவும் தனியாக.

காலையில் கடைக்குட்டியின் மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். "பச்சையோட இன்னையிலேருந்து ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா கம்ப்யூட்டர் சாயங்காலம்தான் மாறும். அதுவரைக்கும் பழைய ஞாபகத்துல கடைசி ஊர் வரைக்கும் டேக் அடிச்சுக் குடுக்கும். நம்பிடாதீங்க, பச்சைக்காரங்க நம்ம பெட்டிய இனி ஏத்திக்க மாட்டாங்க! நடு ஊரோட நிறுத்தி அடிங்க. பெட்டிய அங்க எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க."

கடைக்குட்டி தொண்டை வற்ற எல்லோரிடமும் சொன்னாள். அப்புறம் அம்மா வந்தாள்.

"ஜன்னல் சீட்டாடி?"

"ஆமாம்மா."

"சர்வீஸ் பூரா நின்னுக்கிட்டே போனவள உட்காரவச்சுக் கூட்டிட்டுப் போறான் பாரேன். சில்லறை கேக்க மாட்டாங்கல்ல?"

"பெட்டிக்குள்ள என்னம்மா இவ்வளவு கனம்?"

"குளிருக்குக் கோட்டு. அப்புறம் பொறக்கப்போற குட்டிக்குப் போர்வை. என் யூனிஃபார்ம் சட்டையெல்லாம் வெட்டித் தச்சேன். பாக்கெட்ட மட்டும் பிரிக்கல, அழகா இருந்துச்சு."

கடைக்குட்டி சிரித்துக்கொண்டே பெட்டியைப் பெல்ட்டில் தள்ளினாள். அம்மா கையாட்டியபடி உள்ளே போனாள்.

வரிசை வெகுநேரம் நகர்ந்த பிறகு, அடுத்த விமானத்தில் அதே ஊருக்குப் போகும் ஒரு மாணவன் வந்தான். அவனுக்கு டேக்கை நடு ஊரோடு நிறுத்தி அடிக்கும்போதுதான் கடைக்குட்டியின் கை அப்படியே நின்றது. அம்மா பெட்டிக்கு? பேச்சு சுவாரசியத்தில் பழகின கை பழகினபடி கடைசி ஊர்வரை அடித்து ஒட்டிவிட்டது. பெட்டியை எடுக்கணும் என்று அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

பெட்டி ஏற்றும் பிரிவைக் கூப்பிட்டாள். "ஏத்தி, கதவையும் சாத்தியாச்சு." அம்மாவின் ஃபோன் அணைந்திருந்தது. பக்கத்துக் கவுண்டர் பச்சைத் தோழி கையைப் பிசைந்தாள். "கூட்டணி மாறினதுல அந்த நடு ஊர்ல எங்களை வேற டெர்மினலுக்குத் தள்ளிட்டாங்கப்பா. அந்த ஏர்போர்ட்டே நீலக்காரங்க கோட்டை. அவங்கள கேளு."

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பெற்றவளுக்குச் சொல்லாமல் விட்டோமே! கோட்டும் இல்லாமல், போர்வையும் இல்லாமல், அம்மா பனியில் போய் நிற்பதை நினைத்ததும் அவளுக்கு மானம் ரோஷம் எதுவும் மிச்சமில்லை. நேரே எதிர்க் கவுண்டருக்குப் போனாள்.

விறைப்பு நிமிர்ந்து பார்த்தார். "கம்பத்தைத் திருப்பித் தர வந்தீங்களா?"

"எங்கம்மா சார்..." என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"நேத்து வந்திருந்தா 'எங்க பாசஞ்சர் இல்ல'ன்னு அனுப்பியிருப்பேன்."

"இன்னைக்கு?"

"சம்பந்தியாயிட்டோமே. என்ன செய்யறது?"

ஃபோனை எடுத்தவர் நடு ஊர் ஏர்போர்ட்டில் யாரோ ஒருவரிடம் சிரித்துக்கூடப் பேசினார். பெட்டியைத் தனியாக எடுத்து டேக் மாற்றச் சொன்னார். பிறகு இவள் பக்கம் திரும்பினார். "அங்கேருந்து எங்க ஃப்ளைட்டும் அம்மா போற ஊருக்குப் போகுது. உங்க ஸ்டாஃப் சலுகை இன்னையிலேருந்து எங்ககிட்டயும் செல்லும். சீட் காலியா இருந்தா அம்மாவையே அதுல ஏத்திடலாம். அம்மா இறங்குற ஃப்ளைட் வாசல்ல எங்க பொண்ணு ஒருத்தி நிப்பா. எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

கடைக்குட்டி கொஞ்சம் தயங்கினாள். "இறங்கும்போது எல்லாரையும் 'முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க'ன்னு சொல்லிக்கிட்டே வருவாங்க சார்."

அவர் அதை ஒரு வார்த்தை விடாமல் ஃபோனில் ஒப்பித்தார்.

மதியத்துக்கு மேல் அம்மா கூப்பிட்டாள். "வாயத் தொறந்தேன், நீலச் சட்டை போட்ட பொண்ணு ஒண்ணு கப்புனு கையப் பிடிச்சுக்கிச்சுடி! பொட்டிய வேற கண்ணுல காட்டுச்சு. வால மாத்திக் கட்டிட்டாங்களாம். சீட்டும் கெடச்சிருச்சு. ஜன்னல் இல்ல, நடு சீட்டு. பரவால்ல, ரெண்டு பக்கமும் பேச ஆளிருக்கு."

கடைக்குட்டி குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜரிடம் போய்த் தன் தவறைச் சொன்னாள். திட்டு விழுந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிடுவாள் என்ற நினைப்பில் அது உறைக்கவே இல்லை.

மறுநாள் படம் வந்தது. கண்டக்டர் சட்டைப் போர்வைக்குள் சுருட்டி வைத்த ஒரு குட்டிப் பெண். அந்தப் பாக்கெட்டில் பெட்டியின் டேக்கைச் செருகி வைத்திருந்தாள் அம்மா.

கடைக்குட்டி ஃபோனை ஒரு கையிலும் கம்பத்தை இன்னொரு கையிலுமாக எதிர்க் கவுண்டருக்குப் போனாள். விறைப்பு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கம்பத்தைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பச்சை ஸ்டிக்கர்.

"இது எங்களுதும் இல்லம்மா, உங்களுதும் இல்ல."

இருவரும் பக்கத்துக் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைத் தோழி பயணிகளோடு மும்முரமாக இருந்தாள்.

"ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். சத்தம் வராம வச்சிட்டு வந்துடலாம்" என்றார் விறைப்பு.