அகத்தி பூத்தால் பேசலாம்

என் கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டில் முதன்முதலில் தலையாட்டியது பசுமாடுதான். அம்மா அதற்கப்புறம். அப்பா கடைசி. வரிசையை மாற்றிச் சொன்னால் மாடு கோபித்துக்கொள்ளும், அதனால் உள்ளபடியே சொல்கிறேன்.

அப்போது நான் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். அவர் அங்கே குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன் போட வருவார். காலி கேனை எடுக்கிற சாக்கில் பேச ஆரம்பித்து, கடைசியில் ஒரு கேன்கூடக் காலியாகாத நாளிலும் வந்து நின்றார். ஓனரம்மாவே கேட்டுவிட்டார், கெஸ்ட்டே இல்லாத மாசத்தில் இந்தப் பையன் யாருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறான் என்று. இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகு, தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வானூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கே முறையாகப் பெண் கேட்டு வந்துவிட்டார்.

அப்பா காபி கொடுக்கச் சொன்னார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், வீடு எங்கே என்று கேட்கும் வரை. மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டி என்றார் அவர். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் அந்த உப்பளத்தில்தான் கூலிக்குப் போனார்கள். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்கு அம்மா தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்து நடந்ததை அப்பா மறக்கவே இல்லை. நான் பிறந்ததும், பெண் பிள்ளைக்கு இந்தப் பாடு வேண்டாமென்று குடியையே கிளப்பிக்கொண்டு வந்தவர்.

"வீட்ல குடிக்க என்னா தண்ணி தம்பி?" என்றார்.

"கேன்தாங்க," என்றார் இந்த அரிச்சந்திரன். ஒரு பொய் சொன்னால் என்னவாம்?

"ஊருக்கெல்லாம் தண்ணி போடுற. உன் வீட்ல தண்ணி இல்ல," என்றார் அப்பா. "உமிரிப் பூண்டும் வேலிகாத்தான் முள்ளும் தவிர அங்க என்னா மொளைக்கும்? ஒரு மரம் வச்சி பூக்க வச்சிக் காட்டு. அப்புறம் பேசலாம்."

காக்கா வெளுக்கட்டும் பார்க்கலாம் என்கிற அர்த்தத்தில்தான் அப்பா சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அதை முகூர்த்தத் தேதி குறித்துக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டோம். காதலித்தால் காதுக்கு எல்லாம் நல்லதாகத்தான் கேட்கும்.

என்ன மரம் வைப்பது? தென்னை வைத்தால் பூப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும். யோசித்து யோசித்து அகத்தியைப் பிடித்தேன். விதைத்த வருஷமே பூக்கும். பூவைச் சமைக்கலாம். அகத்திப்பூப் பொரியல் என்றால் அப்பா சோற்றை மறந்துவிட்டு அதையே தின்பார். கெஸ்ட் ஹவுஸ் வேலியில் ஒரு வெள்ளை அகத்தி நின்றது. அதன் காய்ந்த காய்கள் சரம் சரமாகத் தொங்கின. ஒரு கொத்தைப் பறித்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பைக்குள் விதை கலகலத்தது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி பிறந்ததும் ஊறவைத்து ஊன்றச் சொன்னேன். முளைத்த அன்று அவர் எடுத்து அனுப்பிய போட்டோவில் முளையைத் தவிர எல்லாம் இருந்தது, அவர் கட்டைவிரல் உட்பட. நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பச்சையாக ஒரு புள்ளி தெரிந்ததும் கவுண்டரில் நின்றபடியே கூத்தாடினேன். அந்த வாரமே இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கிடைத்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை கேன் தண்ணீரை ஊற்றினார். அதற்கும் திட்டினேன். கேன் வாங்கி வளர்த்த மரத்தைக் காட்டினால் எங்கப்பா சும்மா விடுவாரா? அந்த மண்ணில் விழுகிற தண்ணீரில்தான் வளர வேண்டும்.

விழுகிற தண்ணீர் என்று நான் வாய்தவறிச் சொன்னதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். மொட்டை மாடியில் விழும் மழையைப் பைப்பில் இறக்கி, முற்றத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார். உப்பளத்தில் பாத்தி வரப்பு போட்டுப் பழகிய கையால், செடிக்கு உப்பு ஊறாமலிருக்க ஒரு மேடு போட்டார். அந்த மேட்டுக்கு மண் எங்கள் ஊர் ஏரி வண்டல். ஸ்கூட்டியில் காலுக்கடியில் மூட்டை வைத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, ஓனரம்மா பூந்தொட்டிக்கு என்று கூசாமல் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுபடி ஊன்றியது பிழைத்தது. பிழைத்தது என்ன, வெறி பிடித்த மாதிரி வளர்ந்தது. ஐப்பசி மழைக்கு அவர் தலையைத் தாண்டிவிட்டது. கார்த்திகையில் கடல் காற்று அடித்தபோது, அகத்தி சட்டென்று முறியுமே என்று நான் போனில் பதற, அவர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் மரமுமாக மழையில் நின்றார். அவர் அம்மா வாசலில் நின்று, கட்டிக்கப்போறவளைக்கூட இப்படி எவனும் பிடிச்சிக்கிட்டு நின்னதில்ல என்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. குடை பறந்துவிட்டது. மரம் நின்றது.

தை அமாவாசை வந்தது. தாத்தாவுக்குப் படைத்து, மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்துவிட்டுத்தான் அப்பா அன்றைக்குச் சாப்பிடுவார். கடைத்தெருவில் ஒரு கட்டுக் கீரை மிச்சமில்லை. உச்சிப்பொழுது தாண்டுகிறது, அப்பா பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உன் மரத்துல நாலு கொத்து ஒடிச்சாரச் சொல்லேன்."

அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம். ஏரி மண் மூட்டையிலேயே தெரியுமாம்.

போன் போட்டேன். குட்டியானை வண்டி தெருமுனையில் கீரைக்கட்டைப் போட்டுவிட்டுப் பறந்தது. பழைய கீரையென்றால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் திமிர் பிடித்த மாடு அது. தலையை ஆட்டி ஆட்டி, காம்பு வரை மென்று, அப்பாவின் கையையும் நக்கியது. இதைத்தான் நான் முதல் சம்மதம் என்கிறேன். நல்ல கொழுந்தா இருக்குதே, எங்கே வாங்கினது என்று அப்பா கேட்டார். தெரிஞ்ச பையன் கொண்டாந்தான் என்று அம்மா முடித்துக்கொண்டார்.

மாசிக் கடைசியில் பூத்தது. கொத்துக் கொத்தாக, வெள்ளை வெளேரென்று. ஒரு சோற்றுத் தூக்கு நிறையப் பூ வந்து சேர்ந்தது. நானும் அம்மாவும் கசக்கிற நடு நரம்பைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தோம். அவசரத்தில் நான் பாதிப் பூவையே கிள்ளினேன். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய். அப்பா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் விக்கலோடு நின்றேன்.

"அந்தக் கேன் போடுற பையன் வீட்டு மரத்துப் பூங்க இது," என்றார் அம்மா. "மரக்காணத்துல பூத்தது."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்னா தண்ணி ஊத்துனான்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தே கத்தினேன். "மழத் தண்ணிப்பா. மாடியில விழறத தொட்டியில புடிச்சி வச்சிருக்காங்க. அவங்க வீட்ல இப்ப குடிக்கிறதே அதுதான். யாரும் கொடம் தூக்க வேணாம்ப்பா."

அப்பா அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மாவின் உச்சந்தலையை, குடம் உட்கார்ந்து உட்கார்ந்து முடி கொட்டிப்போன அந்த இடத்தை.

"நமக்கு அப்ப இது தோணலியே," என்றார்.

அம்மா இன்னொரு கரண்டி பொரியல் வைத்தார். அப்பா அதையும் தின்றார். தட்டை வழித்துவிட்டு, கைகழுவ எழுந்தவர் கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"பொரியல்ல உப்பு பத்தல. அந்தப் பையன வரச்சொல்லு, வரும்போது எடுத்தாரட்டும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கல்யாணத்துக்கென்று முதலில் வாங்குவதே உப்பும் மஞ்சளும்தானே.

நான் கொட்டகைக்கு ஓடிப்போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போன் போட்டேன். எங்கப்பா உப்பு கேக்குறாரு என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவர் மிகவும் கவலையாகக் கேட்டார், "எத்தன மூட்ட?"