செய்யாற்று மணலில் மணியன்

எதிர்வீட்டு வாசலில் லாரி கொட்டிய ஆற்று மணலின் ஈர வாசனை, என் சிறுவயதுச் செய்யாற்றுக்கு என்னை இழுத்துப் போனது.

எங்கள் நாய் மணியனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. வீட்டில் குடத்திலும் உரலிலும் முட்டிக்கொண்டு, பயந்து பயந்துதான் நடப்பான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மாகறலுக்கு அறுவடைக் கூலிக்குக் கிளம்பிய அன்று அப்பா, "குருட்டு நாய இட்டுக்கினு எங்க போறது? வூட்டுலயே கெடக்கட்டும்" என்றார். அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஆற்றில் ஓரமாகத்தான் தண்ணீர் ஓடியது. மற்றதெல்லாம் வெறும் மணல். அம்மா அவனை இறக்கிவிட்டாள்.

"இங்க முட்டிக்க ஒண்ணும் இல்லடா, ஓடு."

மணியன் மூக்கைத் தூக்கி மோந்தான். இரண்டடி வைத்தான். பிறகு ஓடினான். அவன் ஓடி அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

வேலைக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் அப்பா மூட்டையை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"ஓடட்டும். மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."