டில்லி அண்ணனின் பச்சைப் பட்டன்

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மத்தியானத்தில் என் மகள் தலையோடு போர்வையை மூடிக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டலாம் என்று நானும் உள்ளே தலையை நுழைத்தேன். மூச்சுச் சூடும் துணி வாடையுமாக அந்தப் புழுக்கம் முகத்தில் அடித்ததும் திட்ட வந்தது மறந்துபோயிற்று. "இன்னாப்பா, நீயும் படம் பாக்கிறியா?" என்றாள். நான் எங்கே பார்த்தேன்? புதுவாயலுக்கல்லவா போய்விட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் புதுவாயல் கூட்டு ரோட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வண்டிகளுக்கு வயரிங் வேலை. 'எலக்ட்ரீஷியன்' என்று நானே போர்டு எழுதி, இடம் போதாமல் கடைசி எழுத்தைப் பக்கத்துப் பஞ்சர் கடைச் சுவரில் எழுதியிருந்தேன். என் தொழில் சுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

டில்லி அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் பிக்கப் வேன் ஓட்டினார். கம்பி லோடு. நாற்பதைத் தாண்டியவர், கலகலப்பானவர். ஒரு நாள் வந்து, "பட்டனுக்குள்ள லைட்டு பூட்ச்சு நைனா. விடிகாலைல சோழவரம் ஏரியாண்ட வைப்பருன்னு அமுக்கினா வேற இன்னாவோ ஓடுது. பேஜாரா கீது" என்றார்.

டேஷ்போர்டிலிருந்து பட்டனைக் கழற்றினால் உள்ளே நிலக்கடலை அளவுக்கு ஒரு பல்பு. கருகியிருந்தது. மாற்றினேன். ஆனால் அந்த வெளிச்சம் பகலில் தெரியாது. இருட்டும்வரை காத்திருக்க எந்த டிரைவருக்கும் நேரமில்லை. அதற்காகவே கடையில் ஒரு கம்பளி வைத்திருந்தேன். அதை டேஷ்போர்டின் மேல் போட்டு, டிரைவரும் நானும் உள்ளே தலையை விட்டுப் பார்ப்போம். வெளியே நாலு கால் மட்டும் தெரியும். பஞ்சர் கடைக்காரர் அதைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"எரியுதாண்ணே?"

"இன்னும் போடலியாடா?"

"போட்டுட்டேண்ணே, பச்சையா எரியுது பாரு."

நான் ஊரையே கலாய்க்கிறவன். என்னைக் கலாய்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பட்டனைத் தேடிய அவர் விரல் என் மூக்குக்குள் போனது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வருசமா இருட்டுல கண்ணு இப்டித்தான் கீது" என்றார் மெதுவாக. "ஊட்ல கூடத் தெரியாது. யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத நைனா. ஸ்டியரிங்க உட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

சொல்ல மாட்டேன் என்றேன். நாலு நாள் சொல்லவும் இல்லை. ஐந்தாம் நாள் டீக்கடையில் நல்ல கூட்டம். கம்பளிக்குள் நடந்ததைச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் துழாவி, டீ மாஸ்டரின் மீசையைப் பிடித்து, "இன்னும் போடலியாடா?" என்று அச்சு அசலாக அவர் குரலில் கேட்டேன். கடையே குலுங்கியது. சிரிப்பு வருகிறபோது சிரிப்பது யார் என்று நான் பார்ப்பதில்லை. அன்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் டில்லி அண்ணன் கம்பெனியின் சூப்பர்வைசர்.

அடுத்த வாரம் அந்தப் பிக்கப்பை வேறொருவர் ஓட்டிவந்தார். "டில்லிய நிறுத்திட்டாங்களே, தெரியாதா?" என்றார்.

அந்த மழைக்காலத்தில் அவர் வண்டியில் அடிபடாமல் வீடு திரும்பிய யாரோ ஒருவருக்கு நான் நல்லது செய்திருக்கலாம். இப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அவரை நினைத்தா சொன்னேன்? நாலு பேர் சிரிக்கத்தானே சொன்னேன். ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். பொழுது சாய்ந்த நேரம், புதுவாயல் பஸ் நிறுத்தம். எதிரிலேயே நிற்கிறேன், அவருக்குத் தெரியவில்லை. "ஊத்துக்கோட்ட பஸ்ஸாங்க அது?" என்றார். என்னிடம், 'ங்க' போட்டு. யாரோ ஒரு கிழவனின் குரலில் "ஆமா" என்றேன். கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். "நல்லா இருங்க" என்றார்.

ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த நிறுத்தமும் போயிற்று, என் கொட்டகையும் போயிற்று. இப்போது அங்கே மேம்பாலத் தூண்கள். நின்று, "நான்தாண்ணே" என்று சொல்ல ஓர் இடமில்லை.