குடுவை கழுவும் அக்கா கேட்ட கட்டுரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் அக்காவுக்கு ‘நீதிபதி’ என்று பட்டப்பெயர். வைத்தது அலுவலக எழுத்தரான நான்தான். மறைந்த இயக்குநரின் நினைவாக வருடாவருடம் ஒரு விருது கொடுக்கிறோம், விஞ்ஞானிகள் பொதுமக்களுக்காக எழுதும் கட்டுரைக்கு. அதில் ஒரு விசித்திரமான விதி உண்டு. அறிவியல் படிக்காத ஒருவருக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டி, ‘புரிந்தது’ என்று அவர் கைப்பட எழுதி வாங்க வேண்டும். வெளியே ஆள் தேடச் சோம்பல்படும் எங்கள் மேதைகள் எல்லாரும் அக்காவிடம்தான் வந்து நிற்பார்கள்.

அக்கா லேசுப்பட்ட ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், ஒரு பேராசிரியரை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

“எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க சார். உங்களுக்கே சொல்லிக்காதீங்க” என்பாள். கை தன் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருக்கும். நடுநடுவே இருமுவாள். ஜன்னல் இல்லாத அறையில் பத்தொன்பது வருடம் நின்றால் யாருக்குத்தான் இருமல் வராது என்று நாங்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

இந்த வருடம் முதலில் வந்தவர் வேதியியல் விஞ்ஞானி. நல்ல மனிதர். நான் விண்ணப்பத்தோடு பக்கத்தில் நின்றேன். முலாம் பூசும் பட்டறைகளில் ஓர் அமிலம் ஆவியாகப் பறக்கிறது, மூச்சோடு உள்ளே போகிறது, வருடங்கள் கழித்து நுரையீரலில் புற்றுநோய் வரலாம் என்று எழுதியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான கட்டுரை.

அக்காவின் கை நின்றது.

“அந்த ஆசிட் என்ன கலர் சார்?”

“ஆரஞ்சு.”

அவள் தன் தொட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கடைசியாகத்தான் அவர் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கறை போக அக்கா தினமும் குடுவைகளை ஊறப்போடுவது அந்த ஆரஞ்சு அமிலத்தில்தான். அடுத்த அறையில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதியிருக்கிறார் மனிதர்.

“இது எப்ப சார் கண்டுபிடிச்சாங்க?”

“ரொம்ப வருஷம் ஆச்சும்மா.”

“நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியா?”

அவர் தலையாட்டினார்.

“அப்ப இங்க எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும்மா. உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சிட்டோம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அமிலத்தை வருடாவருடம் தருவித்துக் கொடுப்பவன் நான்.

அக்கா கையுறையைக் கழற்றித் தொட்டி விளிம்பில் போட்டாள். அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லுப்பா. மூணு மாசமா சளியில ரத்தம் வருது. வீட்ல இன்னும் சொல்லல.”