பின் சீட்டுக்கு வராத காற்று

எங்கள் காரில் முன் சீட் மாமனாருக்கு, ஸ்டியரிங் என் கணவருக்கு, பின் சீட் எனக்கு. ஏசி போட்டாலும் பின்னால் காற்றே வராது. அறந்தாங்கியில் அம்மா வீட்டு வாசலில் இறங்கும்போது புடவை முதுகோடு ஒட்டியிருக்கும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "ஒனக்கு ஒடம்புச் சூடு. முன்னாடி ஜில்லுன்னுதானே இருக்கு" என்பார் என் கணவர். தினமும் மோர் குடிக்கச் சொல்லி மாமனாரின் வைத்தியம் வேறு.

போன சித்திரையில் பைக்கிலிருந்து விழுந்து என் கணவருக்குக் கால் உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆக்டிங் டிரைவர் வண்டியை ஓட்ட, இவர் மாவுக்கட்டுக் காலை என் மடிமேல் நீட்டிக்கொண்டு பின் சீட்டில் வந்தார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டவில்லை. "பின்னாடி மனுசன் ஒக்கார முடியுமா? வண்டிய நேரா ஒர்க் ஷாப்புக்கு விடுங்க" என்று கத்தினார்.

மெக்கானிக் பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தார். "பின் சீட்டுக்குன்னு தனி ஃபேன் இருக்குங்க. அதுல தூசி மொத்தமா அடைச்சிருக்கு. ரொம்ப நாளாவே காத்து வந்திருக்காதே, யாரும் சொல்லலையா?"

"இல்லைங்க" என்றார் என் கணவர், என் மடியிலிருந்து காலை எடுக்காமலே. "யாரும் சொல்லலை."