வத்தல்மலையில் ஏழு நாள், இருபத்தைந்து வருடம்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை வத்தல்மலைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே புதிதாக வந்திருக்கும் ஒரு விடுதி, அக்காவின் கணவரான மாமாவுக்குப் போன் போட்டு அழைத்திருந்தது. ஓர் இரவு இலவசம், மறுநாள் அவர்களுடைய டைம்ஷேர் திட்டத்தை ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். மூன்றரை லட்சம் கட்டினால் இருபத்தைந்து வருடத்துக்கு ஆண்டுதோறும் ஏழு நாள் அறை நமக்கு.

பணம் அக்காவுடையது. ஓசூர் கம்பெனியில் ஒன்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்துச் சேர்த்தது. ஏமாற்று என்று நான் கத்தினேன். "வருசத்துல ஏழு நாளாச்சும் அடுப்புப் பக்கம் போவாம இருக்கணும்டா" என்றாள். 

அதியமான்கோட்டையிலிருந்து மதியம் மூன்று மணிக்கு மாமாவின் காரில் கிளம்பினோம். மீட்டரில் 31 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். பெட்ரோலைத் தருமபுரியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் திரும்பாதீர்கள்.

அறை நன்றாகவே இருந்தது. அக்கா ஏழரை மணி வரை தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

பத்து மணிக்கு விற்பனைப் பையன் வந்தான். என் வயதுதான் இருக்கும், கழுத்தில் டை. அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது: அறை வாடகை ஏறிக்கொண்டேதான் போகும், வேறு ஊர் விடுதிக்கும் மாற்றிக்கொள்ளலாம். நான் துருவியதும் மற்றவை வந்தன. பராமரிப்புக்கு வருடம் பதினான்காயிரம், போனாலும் போகாவிட்டாலும். பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி வாரங்கள் இந்த விலையில் கிடையாது. அக்காவுக்குக் கம்பெனி லீவு விடுவதே அப்போதுதான்.

"லீவு போட்டுக்கலாம்" என்று மாமா பேனாவை எடுத்துவிட்டார்.

பையன் ஒரு கதவைத் திறந்தான். "இது கிச்சன் மேடம். கேஸ், மிக்சி எல்லாம் இருக்கு. ஓட்டல் செலவே இல்ல, நீங்களே சமைச்சுக்கலாம்."

அக்கா அடுப்பையே பார்த்தாள். "இங்கயும் நாந்தானா?"

"ஆளு வேணும்னா தனியா காசுங்க. நாந்தான் வருவேன்" என்றார் தரை துடைத்துக்கொண்டிருந்த செல்வி. மலை ஊர்க்காரர்.

"பொங்கலுக்கு உனக்கு லீவு உண்டாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்கெல்லாம் வர்றப்ப எனக்கேதுங்க லீவு?"

அக்கா மாமாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினாள். "வேணாங்க. கெளம்பலாம்."

இறங்கும்போது மாமா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "ரூமுதான் வேணாம்னேன். ஏழு நாளு வேணும்" என்றாள் அக்கா.

"அப்ப யாரு சமைக்கறது?"

"உங்களுக்குக் கை இல்லீங்களா?"

உங்களுக்கும் அழைப்பு வந்தால் என் கருத்து இது. நினைத்த வாரத்தில் லீவு எடுக்க முடிகிறவர்களுக்கு இது லாபமாகலாம். கம்பெனி லீவு விடும்போது மட்டும் வீட்டில் இருப்பவர்கள் அறையை நாள் வாடகைக்கே எடுங்கள். அதே மலையில் 1,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எந்த வாரம், விலக நினைத்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே போனால் யார் சமைப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

நேற்று ஆயுதபூஜை லீவு தொடங்கியது. மாமா வைத்த சாம்பாரில் உப்பு அதிகம். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.